நாலு படிப் பாட்டு

“வாயை மட்டும் அசைக்கிறதுக்கு நான் இன்னா குளத்து மீனா?”

எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா கேட்ட கேள்வி இது. நெய்வேலி டவுன்ஷிப் ஒவ்வொரு பிளாக்காக எழும்பிக்கொண்டிருந்த காலம். நீங்கள் ஒருவரும் பிறக்கவில்லை. எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதன் வழியாக அவர் குரல் வரும். அதைப் பாட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் மட்டும் சொல்வார்.

நீங்கள் ரேடியோவில் ஒரு பாட்டை இரண்டு தரம் கேட்டால் மூன்றாம் தரம் கூடவே முணுமுணுக்கிறீர்கள். மெட்டு தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒட்டாதவர்களும் உண்டு பிள்ளைகளே. அப்படி ஒட்டாத ஒருவர், மெட்டு என்பதைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பார்த்துத் திரும்பப் பூட்டியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நான் ஃபிட்டர். கழற்றிப் பூட்டுகிறவர்களிடம் எனக்குத் தனி மரியாதை. அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் பிளாக்கில் தஞ்சாவூர்க்காரர், மதுரைக்காரர், சேலத்துக்காரர் என்று எல்லா ஜில்லாவும் கலந்து கிடந்தது. பெயர் தெரிந்துகொள்ள நேரமில்லாமல், புருஷன் எந்த செக்‌ஷனில் வேலை பார்க்கிறாரோ அதை வைத்தே பெண்களைக் கூப்பிடுவார்கள். ஸ்டோர்ஸ் வீட்டம்மா, கிரேன் வீட்டம்மா என்று. அக்காவின் வீட்டுக்காரருக்குக் கன்வேயர் பெல்ட்டில் வேலை. அதனால் அக்கா பெல்ட் வீட்டம்மா. முத்தாண்டிக்குப்பம் பக்கத்துக்காரர். நிலமில்லாத குடும்பம். சின்ன வயதிலிருந்தே நடவுக்குப் போனவர். அங்கேயும் நடவுப் பாட்டு தொடங்கினால், “நீ சும்மா நடு புள்ள” என்று வரப்பு ஓரத்துக்கு அனுப்பிவிடுவார்களாம்.

பிளாக்கின் கடைசியில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் மாரியம்மன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து பாடுவார்கள். ஸ்டோர்ஸ் வீட்டம்மாதான் முன்பாட்டு. நல்ல குரல், முறையாகப் படித்தவர். அவர் ஒன்றும் கெட்ட மனுஷி அல்ல. ஆனால் அக்கா வாயைத் திறந்ததும் பாயில் இருந்த எல்லாருடைய பாட்டும் தடம் மாறிப் போயிற்று. ஸ்டோர்ஸ் வீட்டம்மா அவர் காதருகே குனிந்து, மெதுவாகத்தான் சொன்னார்.

“நீ வாயை மட்டும் அசைம்மா. சாமிக்குத் தெரியும்.”

அதற்குத்தான் அக்கா குளத்து மீனா என்று கேட்டார். மெதுவாகக் கேட்கவில்லை.

அக்காவைப் பற்றி எழுதும்போது ஒரு சொல்லை விட முடியாது. “யாரு சொன்னது?” எது முடியாது என்றாலும் அவருக்கு முதலில் அதைச் சொன்ன ஆள் யார் என்று தெரியவேண்டும். இந்த மண்ணில் பாகல் வராது என்று நான் ஒருமுறை சொன்னேன். “யாரு சொன்னது?” என்று வேலியோரம் விதை போட்டார். தண்ணீர் ஊற்றினார், சாம்பல் தூவினார், பந்தல்கூடப் போட்டார். பாகல் வரவில்லை. வெறும் பந்தலைப் பார்த்து நான் சிரித்தேன். அவருக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

“மண்ணு சொல்லிடுச்சு தம்பி, வராதுன்னு. சரி, கேட்டுக்கினேன். நீ சொன்னதுக்காக நான் வுடல.”

இந்த வித்தியாசம் அவருக்கு முக்கியம். ஆள் சொன்னால் விடமாட்டார். மண் சொன்னால் விட்டுவிடுவார்.

பாட்டை மட்டும் அவர் விடவே முடியாதபடி ஒரு காரணம் இருந்தது. அது வேண்டுதல்.

குவார்ட்டர்ஸ் கிடைப்பதற்கு முன்னால் அண்ணன் — அக்காவின் வீட்டுக்காரரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன் — கான்ட்ராக்டில் மண் சுமந்துகொண்டிருந்தார். நாளைக்கு வேலை உண்டா என்று இன்றைக்குத் தெரியாது. அந்த நாளில் அக்கா இதே வேப்பமரத்தடியில் நின்று, “இவரைப் பர்மனென்ட் ஆக்கிவுடு தாயே, ஒரு ஆடி மாசம் உன் முன்னாடி தனியா நின்னு ஒரு பாட்டு பாடுறேன்” என்று வேண்டிக்கொண்டார். அண்ணன் பர்மனென்ட் ஆனார். பாட்டு பாக்கி நின்றது.

“மொட்டை அடிக்கிறேன், கோழி அறுக்கிறேன்னு வேண்டிக்கக் கூடாதா அக்கா?” என்று உங்கள் அம்மா கேட்டாள்.

“முடி திரும்ப வளரும். கோழி திரும்பப் பொரிக்கும். என்கிட்ட சுத்தமா இல்லாதது ஒண்ணை எடுத்து வெச்சாத்தானே அவ கண்ணு திறப்பா?”

முதல் ஆடி போயிற்று. இரண்டாம் ஆடியும் போயிற்று. அதற்குப் பிறகு ஒருநாள் ஷிப்டுக்குப் போகிற வழியில் அண்ணன் சைக்கிளோடு விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தவரைப் பார்க்க வந்தவர்களெல்லாம் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். வேண்டுதலைப் பாக்கி வைக்காதே. அண்ணனுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. காலைப் போலவே வேலையும் போய்விடுமோ என்று.

“நான் மொட்டை அடிச்சுக்கறேன்டி. உன் பாட்டுக்குப் பதிலா வெச்சுக்கலாம்” என்றார். சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு நன்றாகக் கேட்டது.

“உன் மொட்டையை நீ வெச்சுக்கயா. வேண்டுனது என் வாயி.”

ஸ்டோர்ஸ் வீட்டம்மாவும் வந்தார். “உன் பேரைச் சொல்லி நான் பாடிடறேன். அம்மனுக்கு எல்லாம் ஒண்ணுதான்” என்றார். இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

“எனக்குப் பசிச்சா நீங்க சாப்புடுவீங்களா?” என்றார் அக்கா.

அன்றைக்கு நானும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். “சில பேருக்குத் தொண்டை அப்படித்தான் அக்கா. பிறவியிலேயே வரணும்” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏன் தம்பி, நீ பொறக்கும்போதே கையில ஸ்பேனரோட பொறந்தியா?”

நான் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

அவருடைய சிக்கல் என்ன என்று கண்டுபிடித்ததும் அவரேதான். மேலே பாடு என்று சொன்னால் அவர் கத்துவார். கீழே என்றால் முனகுவார். மேலே என்றால் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பாட்டு வராதவர்கள் நிறையப் பேர் வழுக்கி விழுகிற இடம் அதுதான். அதை அவருக்குக் காட்டிக் கொடுத்தது பிளாக்குக் குழாய்.

காலையில் தண்ணீர் வரும் நேரம். அக்கா பித்தளைக் குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு, அதன் வாய் பக்கத்தில் காதை வைத்துக் குந்தியிருந்தார். பின்னால் வரிசை நெளிந்தது.

“ஏ பெல்ட் வீட்டம்மா, குடத்துக்கிட்ட ரகசியம் பேசறியா? நாங்களும் தண்ணி புடிக்கணும்!” என்றார் கிரேன் வீட்டம்மா.

“செத்த சும்மா இருங்க. ஏறுது, ஏறுது!”

குடம் நிரம்ப நிரம்ப உள்ளே சத்தம் மாறும், கவனித்திருக்கிறீர்களா? தொடக்கத்தில் கடகடவென்று தடித்த ஒலி. கழுத்துக்கு வரும்போது மெலிந்து உயர்ந்துவிடும். அக்கா குழாயைப் பாதி மூடினார். சத்தம் குறைந்தது. ஆனால் ஏறுவது நிற்கவில்லை. முழுக்கத் திறந்தார். இரைச்சல் கூடிற்று. ஏறுவது அது பாட்டுக்கு ஏறியது. குடம் வழிந்து காலை நனைத்தபோது அவர் எழுந்து, ஈரப் புடவையோடு எங்கள் வாசலுக்கு ஓடிவந்தார்.

“தங்கச்சி! சத்தம் வேற, ஒசரம் வேற! இத்தினி வருசமா ஒருத்தியும் எனக்குச் சொல்லலயே!”

உங்கள் அம்மா முழித்தாள். அவளுக்கு இயல்பாகவே பாட வரும். அதனால் இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“எப்படிப் பாடறேன்னு எனக்கே தெரியாது அக்கா. வருது, பாடறேன்.”

“உங்களோட அதான் தொல்லை. வர்றவங்களுக்கு எப்படி வருதுன்னு தெரியல. தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு வரல.”

அதிலிருந்து அக்கா காதில் விழுந்ததையெல்லாம் கழற்ற ஆரம்பித்தார். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து பலாச்சுளை விற்கிற பெண் ஒருத்தி கூடையோடு வருவாள். “பலாச் சொளேஏஏ” என்று கூவுவாள். அக்கா அவள் பின்னாலேயே நாலு வீடு நடந்தார்.

“பாத்தியா தம்பி, ‘பலா’ன்னு தரையில நின்னு சட்டுனு சொல்லிட்டு, ‘சொளே’ன்னு ஒரே தாவுல மாடிக்குப் போயிடறா. அங்க போயிதான் இழுத்துக்கினு நிக்கறா. ஒசரம் மட்டும் இல்ல, எங்க குட்டையா நிக்கணும், எங்க நெட்டையா நிக்கணும்னும் இருக்குது.”

பிறகு அவரும் கூவிப் பார்த்தார். மாடிக்குத் தாவியபோது குரல் உடைந்து சிதறியது. பலாக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“யக்கா, உனக்குப் புண்ணியமாப் போவும். நீ கூவுனா என் பழமெல்லாம் வெம்பிப் பூடும்!”

அக்கா இன்னும் சில நாள் தாவிப் பார்த்தார். எங்கள் சுவர்தான் அனுபவித்தது. பிறகு ஒருநாள், பாகல் பந்தலைப் பிரித்தபோது இருந்த அதே முகத்தோடு வந்து சொன்னார். “தொண்டை சொல்லிடுச்சு. எனக்குத் தாவ வராது. நான் நடந்தே போறேன். படி படியா.”

நான் சும்மா இருக்க முடியாமல் கேட்டேன். “ஷிப்டு சங்குகூடத்தான் அக்கா ஏறி இறங்குது. அதையும் பாட்டுன்னு சொல்லிடலாமா?”

அன்றைக்குச் சுரங்கத்துச் சங்கு ஊதும்போதெல்லாம் அவர் வாசலில் வந்து நின்றார். மறுநாள் நான் செருப்பை மாட்டும்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

“சங்கு சறுக்குமரம் தம்பி. ஏறுது, வழுக்குது, எங்கயும் நிக்கல. பாட்டுன்னா படிக்கட்டு. ஒவ்வொரு படியிலயும் காலை ஊணணும்.”

ஷிப்டு முழுக்க இது என் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. மெட்டு என்றால் என்ன என்று பின்னாளில் யார் யாரோ விளக்கிக் கேட்டிருக்கிறேன். எனக்குப் புரிந்தது இந்த ஒன்றுதான்.

இன்னொரு நாள் உங்கள் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். கடைசி வார்த்தைக்கு முன்னால் அக்கா கையை நீட்டி, “நிறுத்து!” என்றார். அவள் நிறுத்தினாள். மூன்று பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

“எப்படி இருக்குது?” என்றார் அக்கா. “தும்மல் வந்து வராம நிக்கிற மாதிரி இல்ல? இப்ப முடி.”

அவள் முடித்தாள். அக்கா பெருமூச்சு விட்டார். “வூடு சேந்துச்சு. எங்க சுத்துனாலும் ஒரு எடத்துக்குத் திரும்பி வரணும். வந்தாத்தான் பாட்டு முடியுது. வராங்காட்டி ரோட்டுலயே நிக்குது. இன்னொண்ணு பாத்தியா? நீ சும்மா இருந்தியே, அப்பவும் பாட்டு நிக்கல. அது பாட்டுக்கு உள்ள ஓடிக்கினே இருந்துச்சு.”

இந்த வீடு என்கிற விஷயத்தில்தான் அவருக்கும் வெள்ளிக்கிழமைப் பாய்க்கும் பெரிய சண்டை வந்தது. ஸ்டோர்ஸ் வீட்டம்மாவின் குரல் உயரம். ஆர்மோனியம் அந்த உயரத்துக்கே நிற்கும். எல்லாரும் அங்கே போய்ச் சேர வேண்டும். அக்கா ஒரு வெள்ளிக்கிழமை பாதிப் பாட்டில் எழுந்து நின்று சொல்லிவிட்டார்.

“நீங்க அலமாரி மேல வூடு கட்டிகினு, எட்டலன்னா என்னைக் குள்ளச்சின்றீங்க. நான் என் ஒசரத்துல கட்டிக்கிறேன்.”

“சுருதின்னு ஒண்ணு இருக்கும்மா. அதை உன் இஷ்டத்துக்கு மாத்த முடியாது” என்றார் ஸ்டோர்ஸ் வீட்டம்மா.

“யாரு சொன்னது?”

ஸ்டோர்ஸ் வீட்டம்மா அக்காவை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டி, “ஒரு பாட்டுக்கு நடுவுல மாத்தக் கூடாது. அதைத்தான் சொன்னேன்” என்றார்.

“அது நியாயம்” என்று அக்கா உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு பிற்பகல்களில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு புதுச் சத்தம். ணங். பித்தளைச் செம்பில் ஒரு அளவுக்குத் தண்ணீர் ஊற்றி விரல் முட்டியால் தட்டுவார். அந்த ஒலிதான் அவர் வீடு. அதிலிருந்து ஒரு படி மேலே, இன்னொன்று, இன்னொன்று. நாலே படி. அதற்கு மேல் அவர் போகவில்லை. பிறகு இறங்குவார். திரும்ப ணங். சில நாள் இறங்கி வந்து நிற்கிற இடம் செம்போடு ஒட்டாது. அப்போது சுவருக்கு அப்பால், “சீ, இது பக்கத்து வூடு!” என்று அவரே தன்னைத் திட்டிக்கொள்வது கேட்கும். நாங்கள்தானே பக்கத்து வீடு. உங்கள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

பாட்டையும் அவரே கட்டினார். நாலு படிக்குள் அடங்குகிற பாட்டு எங்கும் கிடைக்கவில்லை என்றார்.

ஆடி வந்தது. கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை. மரத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். பிளாக்கே கூடியிருந்தது. “பெல்ட் வீட்டம்மா பாடப் போவுதாம்!” என்று அடுத்த பிளாக்கிலிருந்தும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அண்ணன் கோலை ஊன்றிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் நின்றார். முன்னால் வரத் தைரியமில்லை.

அக்கா மஞ்சள் புடவை, வேப்பிலை, கையில் செம்பு. மைக்கின் முன்னால் போய் நின்றதும் ஆர்மோனியக்காரர் ஸ்டோர்ஸ் வீட்டம்மாவின் வழக்கமான சுருதியைப் பிடித்தார்.

“அதை நிறுத்துங்க. அது அவங்க வூடு.”

கூட்டம் சிரித்தது. ஆர்மோனியம் நின்றது. அக்கா செம்பைத் தட்டினார். ஒலிபெருக்கியில் அது ஊருக்கே கேட்டது. தொடங்கினார்.

வேம்படி நிக்கிற தாயே – இது
வேலைக்கு வேண்டின வாயே…

குரல் கரகரத்தது. ஆனால் படியில் கால் வைத்து ஏறியது. ஒரு படி, இன்னொரு படி. உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் வரிக்கு மூச்சு எடுத்தார் அக்கா.

சங்கு ஊதியது. இரண்டு மணிச் சங்கு.

அதன் முன்னால் எந்த ஒலிபெருக்கியும் நிற்காது. அது ஏறியது, வழுக்கியது, மறுபடி ஏறியது. சிரித்தவர்கள் இப்போது இன்னும் உரக்கச் சிரித்தார்கள். “சங்கு உன்னைவிட நல்லாப் பாடுது!” என்று எவனோ கத்தினான். ஸ்டோர்ஸ் வீட்டம்மா கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் மரத்துக்குப் பின்னாலிருந்து, “போதும், வந்துடு, பாதி பாடினாலும் பாடினதுதான்” என்று கையை ஆட்டினார்.

அக்கா அசையவில்லை. வாயைக்கூட அசைக்கவில்லை. சங்கு கடைசி இழை வரைக்கும் ஓயட்டும் என்று நின்றார். ஓய்ந்தது. அந்தச் சங்கு எந்த மனுஷர் காதிலிருந்தும் வீட்டை அடித்துக்கொண்டு போயிருக்கும். எனக்கு அவர் எங்கிருந்து தொடங்கினார் என்பதே மறந்துவிட்டது. அவர் செம்பைத் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். விட்ட இடத்திலிருந்து எடுக்கவில்லை. முதலிலிருந்து எடுத்தார்.

வேம்படி நிக்கிற தாயே – இது
வேலைக்கு வேண்டின வாயே
பாட்டுக்குப் பழகாத வாயி – இதைப்
பார்த்து நீ வாங்கிக்கோ ஆயி.

“ஆயி” வீடு சேர்ந்தது. தானாக விழவில்லை. கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்ததுபோல் சேர்ந்தது. சேர்ந்ததும் செம்பை இன்னொரு தரம் தட்டினார். இரண்டும் ஒன்று.

யாரும் கைதட்டவில்லை. அந்த நாளில் சாமி முன்னால் கைதட்டுகிற வழக்கமும் இல்லை. ஆனால் சிரிப்பு நின்றிருந்தது. கூழ் ஊற்ற ஆரம்பித்தார்கள். ஸ்டோர்ஸ் வீட்டம்மா பாத்திரத்தோடு அக்காவிடம் வந்தார். அவரால் பொய் சொல்ல முடியாது.

“மூணு எடத்துல வெலகிடுச்சும்மா” என்றார்.

“நாலுங்க” என்றார் அக்கா. “சங்குக்கு முன்னாடி ஒண்ணு. நீங்க கண்ணை மூடிகினு பயந்துகினு இருந்தீங்க, கவனிக்கல.”

ஸ்டோர்ஸ் வீட்டம்மா தன் பாத்திரத்தில் இருந்த கூழை அக்காவின் செம்பில் சாய்த்து ஊற்றினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது நாங்கள் நாலு பேரும் சேர்ந்து நடந்தோம். அண்ணன் கோலை ஊன்றி ஊன்றி, அக்காவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து வந்தார். அவருக்குப் பெரிய பாரம் இறங்கியிருந்தது. அக்கா கதவைத் திறக்கும்போது கேட்டேவிட்டார்.

“வேண்டுதல் தீந்துடுச்சு இல்ல? இனிமே பாட வேணாமே?”

“யாரு சொன்னது?”

மறுநாள் பிற்பகல் இரண்டு மணிச் சங்கு ஓய்ந்ததும், சுவருக்கு அந்தப் பக்கம் செம்பு ணங்கென்றது.